பூனை சொன்னால் பலிக்காதா?

டாரட் சீட்டுகளைப் பூசைக்குரிய பொருளாகக் கருதுவோருக்கு இன்று இரண்டு எதிரிகள் இருக்கிறார்கள். ஒருவர், சீட்டு எதையும் சொல்லாது என்று அடித்துச் சொல்லும் நாத்திகர். மற்றவர், பூனை. நாத்திகரை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. அவர் எக்காலத்திலும் இருந்துவருபவர். அவருக்கான பதிலும் எப்போதோ மனப்பாடமாகிவிட்டது. பூனையைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. பேரரசனின் அரியணையில் மீசையை முறுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் பூனை, துறவியின் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஆமை, தேரோட்டியின் இடத்தில் கடிவாளம் பிடித்திருக்கும் அணில் என்று விலங்குகளை வைத்து வேடிக்கையாக வரையப்பட்ட கட்டு ஒன்றை மேசைமேல் விரித்துவிட்டால் போதும், அதுவரை பிரபஞ்சப் பேரன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களின் முகம் கறுத்துவிடுகிறது. இது குழந்தைகளின் விளையாட்டுச் சாமான், இதைக் கொண்டு பலன் பார்ப்பது மரபை அவமதிப்பது, பார்த்தாலும் பலிக்காது. இவைதாம் அவர்களின் மூன்று வாக்கியங்கள்.

எங்களில் சிலர் இத்தகைய விலங்குக் கட்டுகளை வைத்திருக்கிறோம். நண்பர்கள் கூடும்போது பிரித்துப் போடுகிறோம். ஒருவருக்கொருவர் பலனும் சொல்லிக்கொள்கிறோம். நாளை நடக்கப்போவது எழுபத்தெட்டு அட்டைகளில் எழுதப்பட்டிருக்கிறது என்று எங்களில் எவருக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் மேற்சொன்ன மூன்று வாக்கியங்களும் அறியாமையிலிருந்து பிறந்தவை என்பதிலும், அந்த அறியாமை சிலருக்கு நல்ல வருமானம் தருவது என்பதிலும் எங்களுக்கு ஐயமில்லை. எனவே இக்கட்டுரை பூனையின் தரப்பில் எழுதப்படுகிறது.

*

முதலில் மரபு. மரபு என்ற சொல்லை உரக்கச் சொல்பவர்கள் அதன் ஆண்டுக்கணக்கைப் பார்ப்பதில்லை என்பது எல்லாத் துறைகளிலும் காணக்கிடைக்கும் வேடிக்கை. டாரட் பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் பிறந்த ஒரு சீட்டாட்டம். மிலான், ஃபெராரா போன்ற அரசவைகளில் பிரபுக்கள் பொழுதுபோக்க ஆடியது. வழக்கமான நான்கு இனச் சீட்டுகளோடு இருபத்திரண்டு படச்சீட்டுகளைச் சேர்த்து, அவற்றில் இருபத்தொன்றை நிரந்தரத் துருப்பாக வைத்து, இருபத்தெட்டு ஆடும் நம்மூர்க்காரருக்குச் சொல்லாமலேயே புரியக்கூடிய முறையில் பிடி எடுத்து ஆடிய ஆட்டம் அது. ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் இத்தாலியின் பொலோனியாவிலும் இன்றும் ஆடுகிறார்கள். அங்கே 'மரணம்' கையில் வந்தால் எவரும் நடுங்குவதில்லை. அது பதின்மூன்றாம் எண், பன்னிரண்டைவிடப் பெரியது, அவ்வளவுதான்.

இதில் எகிப்தியர்களின் ரகசிய ஞானம் எங்கிருந்து வந்தது? பாரிசிலிருந்து வந்தது. 1781இல் கூர் து ஜெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர், தமது பெரும் நூல்வரிசையின் எட்டாம் தொகுதியில், இச்சீட்டுகள் பண்டை எகிப்தியப் பூசாரிகள் தம் ஞானத்தை ஒளித்துவைத்த புத்தகம் என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவர்கூட இல்லை. ரொசெட்டா கல் கண்டெடுக்கப்பட்டது 1799இல். ஷாம்போலியன் அந்த எழுத்தின் பூட்டைத் திறந்தது 1822இல். படிக்கவே இயலாத மொழியின் ஞானத்தை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சீட்டுக்கட்டில் படித்துவிட்டார் என்றால், அவருடைய கற்பனையைப் பாராட்டலாம். அதன்மேல் ஒரு மதத்தைக் கட்டலாகாது. ஆனால் கட்டினார்கள். எத்தெயா என்ற பெயரில் எழுதிய ழான்-பத்தீஸ்த் அலியெத் 1785இல் டாரட்டைக் கொண்டு குறி சொல்லும் முறையை அச்சிட்டார். 1789இல் குறி சொல்வதற்கென்றே தனிக் கட்டும் வெளியிட்டார். மொழித் தத்துவத்தில் பெரும்பெயர் பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட தடித்த நூலில் இந்த வரலாற்றை ஆவணம் ஆவணமாக எடுத்துவைத்து, டாரட் அடிப்படையில் ஓர் ஆட்டம் என்பதை நிறுவிவிட்டார். அதற்குப் பின்னும் எகிப்தைப் பற்றிப் பேசுபவர்களுக்கு வரலாறு தேவைப்படவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி விலங்குகளுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஏறத்தாழ 1750ஐ ஒட்டி, ஜெர்மன் நிலப்பகுதிகளில் சீட்டுத் தயாரிப்பாளர்கள் டாரட் கட்டைப் புதுப்பித்தார்கள். வாளும் கோப்பையும் போய் நாம் அறிந்த ஆர்ட்டினும் இஸ்பேடும் வந்தன. துருப்புச் சீட்டுகளில் போப்பும் பேரரசனும் இருந்த இடங்களில் விலங்குகளை அச்சிட்டார்கள். இந்த வகைக் கட்டுக்கு 'டீர்டாரோக்', அதாவது விலங்கு டாரோக் என்றே பெயர். ஆடுபவர்களுக்கு எண் தெரிந்தால் போதும். எண்ணுக்கு மேலே போப் இருந்தால் என்ன, கரடி இருந்தால் என்ன?

ஆண்டுகளை மறுபடி பாருங்கள். விலங்கு டாரட், 1750 அளவில். ரகசிய ஞான டாரட், 1781இல். வயதில் மூத்தது எது? மரபை முன்வைத்துப் பூனையை வெளியேற்ற முனைபவர்கள், பின்னால் குடிவந்தவர் வீட்டுக்காரரைக் காலிசெய்யச் சொல்லும் கதையைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

படங்கள் எந்நாளும் மாறாமல் இருந்தவை என்பதும் பொய். 1725இல் பொலோனியாவில் ஒரு பாதிரியார் வெளியிட்ட கட்டில் அந்நகரின் ஆட்சிமுறையைக் குறித்த வாசகம் போப்பின் அதிகாரிகளுக்கு உறுத்தியது. பிரச்சினை முடிந்தபோது போப்பும் பேரரசனும் உள்ளிட்ட நான்கு சீட்டுகளின் இடத்தில் நான்கு மூர் இனத்தவரின் படங்கள் வந்திருந்தன. பொலோனியாக்காரர்கள் அக்கட்டைக் கொண்டே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். பெசான்சோன் வகைக் கட்டுகளில் போப்பையும் பெண்போப்பையும் எடுத்துவிட்டு ஜூபிடரையும் ஜூனோவையும் வைத்தார்கள். ஒவ்வொரு ஊரும் தன் வசதிக்கேற்பப் படத்தை மாற்றிக்கொண்டது. மாறிக்கொண்டே இருந்ததுதான் டாரட்டின் மரபு.

இதற்கும் முந்தைய சான்று ஒன்று உண்டு. இன்று மிஞ்சியிருக்கும் பழைய கட்டுகளில் புகழ்பெற்றது, மிலான் பிரபுக் குடும்பங்களான விஸ்கோந்தி, ஸ்ஃபோர்ஸா பெயரால் அறியப்படும் கையால் வரைந்த கட்டு. எழுபத்துநான்கு சீட்டுகள் எஞ்சியிருக்கின்றன. நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் முப்பத்தைந்து, பெர்காமோவின் கரார்ரா கலைக்கூடத்தில் இருபத்தாறு, மீதி ஒரு குடும்பத்திடம். பொன்தகட்டில் வரைந்த அந்தக் கட்டின் விதிச்சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்தில் மேலே ஏறுபவனுக்குக் கழுதைக்காது முளைக்கிறது. உச்சியில் அமர்ந்து ஆள்பவனுக்கு அது நன்றாகவே வளர்ந்துவிட்டது. கீழே இறங்குபவனுக்கு வால் தொங்குகிறது. பணமும் பதவியும் மனிதனை என்னவாக்கும் என்பதை, அந்தச் சீட்டை விலைகொடுத்து வரையச் செய்த பிரபுவின் கையிலேயே கொடுத்துச் சிரித்திருக்கிறான் ஓவியன். பிற்கால மார்செய் கட்டுகளில் சக்கரத்தைப் பிடித்துத் தொங்குபவை உடையணிந்த விலங்குகளேதாம். வேடிக்கை விலங்கு டாரட்டுக்கு வெளியிலிருந்து வந்த அவமதிப்பு என்பவர்கள் இந்தச் சீட்டை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள்?

*

"அதெல்லாம் பழங்கதை, நாங்கள் பின்பற்றுவது ரைடர்-வெயிட் கட்டு" என்பார்கள். நல்லது. 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டு அது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் அதை வரைந்தார். வெயிட்டுக்கே எகிப்தியக் கதையில் நம்பிக்கையில்லை என்பதை அவருடைய பக்தர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். அது இருக்கட்டும். நாம் ஓவியரைப் பார்ப்போம்.

பமீலா இளமையில் ஜமைக்காவில் வாழ்ந்தவர். அங்கே கேட்ட கதைகளைப் படங்களோடு 'அனன்சி ஸ்டோரீஸ்' என்ற நூலாக 1899இல் வெளியிட்டார். அனன்சி என்பது ஒரு சிலந்தி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு கப்பலேறி வந்த கதைகளின் நாயகன். தன்னைவிடப் பெரிய புலியையும் பாம்பையும் தந்திரத்தால் வெல்பவன். பல நேரம் தன் பேராசையாலேயே தோற்பவன். லண்டனில் நண்பர்கள் கூடும் இடங்களில் பமீலா இக்கதைகளை நடித்துச் சொல்வார். ஆக, இன்று உலகெங்கும் கறுப்புத் துணிமேல் பயபக்தியோடு விரிக்கப்படும் சீட்டுகளை வரைந்த கை, விலங்குக் கதை சொல்லிப் பிறரைச் சிரிக்கவைத்த கை. முட்டாளின் காலடியில் துள்ளும் நாய், கோலரசியின் முன்னால் நம்மை நேராகப் பார்த்து அமர்ந்திருக்கும் கறுப்புப் பூனை, நிலவைப் பார்த்து ஊளையிடும் நாயும் ஓநாயும், குளத்திலிருந்து ஏறிவரும் நண்டுபோன்ற உயிர் என்று அந்தக் கட்டே பாதி விலங்குப் பண்ணை. அவர் அதற்குப் பெற்ற கூலி சொற்பம்; 1951இல் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். மரபைக் காப்பதாகச் சொல்வோர் அவர் பெயரைக் கட்டின் பெயரில் சேர்க்கவே பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

*

வரலாற்றோடு நிறுத்திக்கொண்டால் இது வெறும் தகவல் சண்டையாக முடிந்துவிடும். எங்களுடைய வழக்கு வேறு. விலங்குக் கட்டின்மேல் வரும் கோபம் படத்தைப் பற்றியது என்று நாங்கள் நம்பவில்லை. அதிகாரத்தைப் பற்றியது என்றே கருதுகிறோம்.

சீட்டு பார்த்துப் பலன் சொல்லுமிடத்தில் என்ன நடக்கிறது? மங்கிய வெளிச்சம். பட்டுத்துணி. ஊதுவத்தி. தாழ்ந்த குரல். எதிரே, தூக்கமில்லாத கண்களோடு ஒருவர்: கணவன் வருவானா, கடன் அடையுமா, கட்டி கரையுமா என்று கேட்க வந்தவர். சீட்டு புரளுகிறது. எலும்புக்கூடு குதிரைமேல் வருகிறது. கேட்பவரின் முகம் வெளிறுகிறது. அந்த ஒரு கணத்தில், அதுவரை இருவராக இருந்தவர்களில் ஒருவர் தெரிந்தவராகவும் மற்றவர் தெரியாதவராகவும் ஆகிவிடுகிறார்கள். பிறகு வருவதெல்லாம் அந்த ஏற்றத்தாழ்வின் விளைவு. "பயப்படாதீர்கள், இதற்குப் பரிகாரம் இருக்கிறது" என்ற வாக்கியத்துக்கு விலை உண்டு. முதலில் பயத்தை விற்றவரிடமே பிறகு தைரியத்தை வாங்க வேண்டியிருக்கிறது.

சொல்லப்படும் பலன் எப்படி அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்பதற்கும் விடை கிடைத்து முக்கால் நூற்றாண்டாகிறது. 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவரவர் குணவிவரத்தை எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி நாலுக்கு மேலே வந்தது. பிறகுதான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதையும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து தொகுத்தேன் என்று. "வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே அடிக்கடி கலங்குகிறீர்கள்" என்ற வகை வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? கேட்பவரே தன் வாழ்க்கையைக் கொண்டுவந்து அந்தக் காலி இடத்தை நிரப்புகிறார். புகழ் மட்டும் சொன்னவருக்குப் போகிறது.

இந்த இடத்தில் ஒரு பூனையைக் கொண்டுவாருங்கள். பிராக் நகரிலிருந்து 2004இல் கேரன் மஹோனியும் அலெக்ஸ் உக்கோலோவும் வெளியிட்ட 'பரோக் பொஹீமியன் கேட்ஸ் டாரட்' என்ற கட்டை எடுத்துக்கொள்வோம். உண்மைப் பூனைகளின் புகைப்படங்களுக்குச் சரிகையும் பின்னலும் வைத்த பழங்கால ஆடைகளை மாட்டி, பொஹீமிய மாளிகைகளைப் பின்புலமாக்கிச் செய்த கட்டு. அந்தப் பூனைகளின் முகத்தில் ஒரு பெருமிதம் இருக்கிறது. பூனைகளுக்கு அது இயல்பு. ஆனால் கழுத்தில் சரிகைப்பட்டை வைத்த ஒரு பூனையை நடுவில் வைத்துக்கொண்டு, "உங்கள் குடும்பத்தில் ஒரு கண்டம் இருக்கிறது" என்று எவராலும் சொல்லிவிட முடியுமா? சொல்பவரின் குரல் உடைந்துவிடும். கேட்பவர் சிரித்துவிடுவார். சிரித்தவரிடம் பரிகாரம் விற்க முடியாது. பலிக்காது என்பதன் பொருள் இதுதான்: வியாபாரம் பலிக்காது.

*

"சிரித்துவிட்டால் பிறகு எதற்குச் சீட்டு? தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானே?" என்று எங்கள் பகுத்தறிவு நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வெயிட் கட்டின் கோப்பை நான்கை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு ஓர் இளைஞன். எதிரே மூன்று கோப்பைகள். மேகத்திலிருந்து ஒரு கை நான்காவது கோப்பையை நீட்டுகிறது. அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கையேடுகள் இதற்கு 'அதிருப்தி', 'ஆன்மிகச் சோர்வு' என்றெல்லாம் பொருள் எழுதுகின்றன. அந்த இளைஞனை எழுப்பிவிட்டு அதே இடத்தில் ஒரு பூனையை உட்காரவைத்துப் பாருங்கள். நேற்றுவரை ஆவலோடு தின்ற மீனை இன்று முகர்ந்துவிட்டு, நம்மை ஒருமுறை ஏறிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு அமரும் பூனை. வீட்டில் பூனை வளர்த்தவர் எவருக்கும் கையேடு தேவைப்படாது. வேலையை விடலாமா என்று கேட்டு வந்த நண்பருக்கு இந்தச் சீட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் எதுவும் சொல்வதில்லை. அவர் சீட்டைப் பார்க்கிறார், சிரிக்கிறார், சற்றுப் பொறுத்து, "வேலையில் குறையில்லை, எனக்குத்தான் அலுத்துவிட்டது" என்கிறார். அல்லது, "இல்லை, அந்த மீன் உண்மையிலேயே கெட்டுப்போனது" என்கிறார். இரண்டுமே அவர் சொன்னவை. இரண்டும் அவர் மனத்தில் முன்பே இருந்தவை. சீட்டு செய்ததெல்லாம் பேச்சுக்கு ஒரு வாசலைத் திறந்ததுதான்.

வாள் எட்டு: கண்ணும் கையும் கட்டப்பட்ட பெண், சுற்றிலும் நட்டுவைத்த வாள்கள். பார்ப்பவருக்கு அடிவயிறு கலங்கும். அவளுடைய கால்கள் கட்டப்படவில்லை என்பதை அந்தக் கலக்கத்தில் எத்தனை பேர் கவனிப்பார்கள்? அங்கே முளைக்குச்சியிலிருந்து கயிறு நழுவிக் கிடப்பதை அறியாமல் வட்டத்துக்குள்ளேயே புல் தேடும் ஒரு மாட்டை வரைந்துவிட்டால், கயிறுதான் முதலில் கண்ணில் படும். கோல் பத்து: சுமை தாங்காமல் கூனி நடப்பவன். அந்த இடத்தில் பொதிகழுதை நின்றால், "என்மேல் ஏற்றியது யார், நானாக ஏற்றிக்கொண்டது எவ்வளவு" என்று தன்னையே கேட்டுக்கொள்ள மனம் கூசுவதில்லை. மனித உருவத்தில் நம்மைக் காட்டினால் வாதாடுவோம். நரியும் காக்கையுமாகக் காட்டினால் ஒப்புக்கொள்வோம். பஞ்சதந்திரம் அரசகுமாரர்களுக்கு அரசியல் கற்பிக்க விலங்குகளை அழைத்துக்கொண்டது இதனால்தான். நேரே சொன்னால் தலை போகும் செய்திகளைச் சிங்கத்தின் அவையில் வைத்துச் சொல்லிவிடலாம். கேட்பவன் தன்னை அடையாளம் கண்டுகொள்வது அவன் பாடு.

தற்செயலுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வது நமக்குப் புதிதல்ல. எங்கிருந்தோ வந்த ஒரு கடைசி வரி, அதுவரை எழுதத் தோன்றாத மூன்று வரிகளைக் கவிஞனிடமிருந்து இழுத்து வருகிறது. அந்த ஈற்றடி தெய்வ வாக்கு என்று எந்தக் கவிஞனும் சொல்வதில்லை; அது இல்லாவிட்டால் அந்த வெண்பா பிறந்திருக்காது என்பதையும் மறுப்பதில்லை. இதாலோ கால்வினோ டாரட் சீட்டுகளை வரிசையாக அடுக்கி, அவற்றிலிருந்தே கதைகளை எடுத்து, 1973இல் 'குறுக்கிடும் விதிகளின் கோட்டை'யை முழுநூலாக்கினார். பேச்சிழந்த பயணிகள் சீட்டைக் கொண்டு தம் கதையைச் சொல்லும் நூல் அது. டி. எஸ். எலியட் 1922இல் தம் நெடுங்கவிதைக்குள் ஒரு டாரட் குறிகாரியைக் கொண்டுவந்தார். அக்கட்டின் சரியான அமைப்பைத் தாம் அறியவில்லை என்று தம் குறிப்பிலேயே எழுதிவைத்தார். இருவருக்கும் சீட்டு ஒரு கற்பனைக் கருவி. இலக்கியம் படிக்கும் நாம், ஒரு படத்துக்கு நிரந்தரப் பொருள் ஒன்றுதான் உண்டு, அது கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பத் தொடங்கினால், அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை வேறில்லை.

*

விலங்கு இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. முறைத்துக்கொண்டு வரும் விலங்குகளும் சந்தையில் உண்டு. 1988இல் வெளிவந்த 'மெடிசின் கார்ட்ஸ்' போன்ற கட்டுகள் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஞானம் என்ற பெயரில் கழுகையும் கரடியையும் ஓநாயையும் முன்வைக்கின்றன. நூற்றுக்கணக்கான தனித்தனி இனக்குழுக்களின் வேறுவேறான நம்பிக்கைகளை ஒரு பெட்டிக்குள் கலந்து அடைத்து விற்பது எகிப்துக் கதையின் இன்னொரு பதிப்பு. வாங்கியவர், "என் ஆவி விலங்கு கழுகு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எவருக்கும் ஆவி விலங்காகக் கோழி வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கோழியும் கழுதையும் வரக்கூடிய கட்டைத்தான் நாங்கள் விலங்குக் கட்டு என்கிறோம்.

உயிருள்ள விலங்கைச் சீட்டெடுக்க வைப்பதோ நம் தெருவிலேயே நடந்துவந்தது. கிளி ஜோசியத்தை விலங்குக் கட்டின் தாய்மாமன் என்று சிலர் எங்களிடம் உரிமை கொண்டாடியதுண்டு. உறவை மறுக்கிறோம். சிறகு வெட்டப்பட்டு, ஒரு நெல்லுக்காக வெளியே வந்து, சீட்டெடுத்துக் கொடுத்துவிட்டுத் தானாகவே கூண்டுக்குள் திரும்பும் கிளியிடம் வேடிக்கை எதுவுமில்லை. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தன் விதியை இழந்த ஒரு பறவை நம் விதியைச் சொல்லும் என்று எதிர்பார்ப்பதைப் போலக் கொடிய நகைச்சுவை வேறில்லை. காகிதத்தில் வரைந்த கிளிக்குச் சிறகு வெட்ட வேண்டியதில்லை. அதனால் நெல்லும் கேட்காது, பரிகாரமும் கேட்காது.

இன்னொரு மறுப்பும் உண்டு, இது நேர்மையானது: துயரத்தோடு வருபவரின் முன்னால் வேடிக்கைச் சீட்டை விரிப்பது இரக்கமின்மை ஆகாதா? ஆகும். எனவேதான் எங்களுக்குள் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறோம். நோய், சாவு, வழக்கு பற்றிய கேள்விகளுக்குச் சீட்டு எடுப்பதில்லை. அவற்றுக்கு மருத்துவரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் இல்லாத மூன்றாமவரின் மனத்தைச் சீட்டில் தேடுவதில்லை. காசு வாங்குவதில்லை. விழுந்த சீட்டைப் பற்றி முதலில் பேச வேண்டியவர் கேட்பவரே. அழுகிறவருக்கு முன்னால் கட்டை எடுப்பதில்லை. அவருக்குத் தேவை பக்கத்தில் ஓர் ஆள், ஒரு வாய்ச் சோறு. இந்த விதிகளை எழுதிவைக்க ஐந்து வரி போதுமானதாக இருந்தது. ஆன்மிக டாரட் வகுப்புகளின் விளம்பரத்தில் இப்படி ஐந்து வரியைத் தேடிப் பாருங்கள்.

*

எனவே பக்தர்களுக்கு ஒரு சோதனையை முன்வைக்கிறோம். எவரிடமேனும் நீங்கள் பலன் கேட்கப் போக நேர்ந்தால், கையோடு ஒரு பூனைக்கட்டை எடுத்துச் செல்லுங்கள். எழுபத்தெட்டு சீட்டுகளும் அதே எண்ணிக்கை, அதே வரிசை, அதே பெயர்கள். முறைப்படி பார்த்தால் அவருக்கு எந்த வேறுபாடும் இருக்கக்கூடாது. பட்டுத்துணியை மடித்துவைத்துவிட்டு, ஊதுவத்தியை அணைத்துவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, அதே பலனை, அதே கட்டணத்துக்கு, இந்தப் பூனைகளை வைத்துச் சொல்லுமாறு கேளுங்கள்.

சொன்னால், அவர் விளையாடத் தெரிந்தவர், உட்கார்ந்து பேசலாம். மறுத்தால், இதுநாள்வரை உங்களிடம் பேசியது சீட்டா, அதன் உடுப்பா என்பது தெரிந்துவிடும். உடுப்பைப் போட்டுக்கொண்டு உச்சியில் அமர்ந்திருப்பவனின் தலையில் என்ன முளைக்கும் என்பதை மிலானின் ஓவியன் ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வரைந்துவைத்துவிட்டான்.